இருபத்தைந்து கிலோ வைரவர்

காலை 8.20. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் த்ரீவீல் ஏறினேன். கையில் உடல் நிறை பார்க்கும் தராசு, பையில் காந்தம், உளி, சுத்தியல், பழைய விண்கல் பதிவேடொன்றின் பிரதி. இரும்பு விண்கற்களின் பதிவுகளைத் திரட்டுவது என் பைத்தியம். வீட்டில் யாரும் அதை மறுப்பதில்லை. சாரதி தராசையே பார்த்தார்.

"எங்க சேர், ஆஸ்பத்திரிக்கா?"

"கொட்டாஞ்சேனைக்கு. வானத்தால விழுந்த இரும்பொண்டை நிறுக்கப் போறன்."

அதன்பிறகு காலிமுகத்திடல் வரை அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

9.15. பத்துக் கிலோமீற்றருக்கு 1,040 ரூபா. பாதி நேரம் புறக்கோட்டை நெரிசலில் போயிற்று.

வசந்தி அக்கா முன்பு என்னோடு வேலை பார்த்தவர். கொட்டாஞ்சேனை வீட்டை விற்றுவிட்டு இன்று மதியம் ஹெந்தளைக்குக் குடிபெயர்கிறார். அவர்களுடைய பூசையறையில் வைரவராக இருக்கும் இரும்புக் கட்டி, யாழ்ப்பாணத்தில் தங்கள் வளவில் வானத்திலிருந்து விழுந்தது என்று காலஞ்சென்ற அப்பா சொல்லி வந்தாராம். துறைமுகத்துக் கழிவிரும்பு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், அக்காவின் அண்ணனும் சேர்ந்து.

"அப்பா பொய் சொன்னவரோ இல்லையோ தம்பி, போக முதல் அது மட்டும் எனக்குத் தெரியவேணும்."

அப்பாவின் பெயர் நான் கொண்டுபோன பிரதியில் இருந்தது. எடை 27 கிலோ. ஆய்வுக்காக ஒரு பக்கத்தை அறுத்தபின் 24. அறுத்த முகத்தில் அமிலம் தடவ, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரிந்தனவாம். அதுதான் இரும்பு விண்கல்லின் அடையாளம்.

முதலில் நான் மட்டும் தராசில் ஏறினேன், பிறகு கட்டியைத் தூக்கிக்கொண்டு. வித்தியாசம் 25. மறுபடியும் 25. அறுத்த முகத்தையோ எங்கும் காணவில்லை. நமீபியாவில் கிடக்கும் அறுபது தொன் விண்கல்லிலேயே ஆட்கள் துண்டு வெட்டிப் போயிருக்கிறார்கள். பெரிய விண்கற்கள் எடை குறையும் என்பது எனக்குத் தெரியும். எடை கூடிய ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

"அப்ப இது வேறயோ?" அக்காவின் குரல் இறங்கியது.

பதிவு பிழையா, தராசு பிழையா, நான்தான் பிழையா?

10.40. வேறு வழி தெரியாமல் கட்டியின் மேல் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். எங்கும் ஒட்டியது. அடியில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் வழுக்கி விழுந்தது. நாணயத்தால் சுரண்டினேன். எண்ணெய்க் கறுப்பின் கீழ் சாம்பல் நிறத் தூள். சீமெந்து.

அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். "பின்னமான சாமியைக் கும்பிடக்கூடாதெண்டு அம்மா சாப்பிடாமக் கிடந்தவ. பிறகு மேசன் ஒருத்தர் வந்து ஏதோ பூசினவர். நான் அப்ப சின்னன்."

பார்க்க வந்தவர்கள் கண்டதெல்லாம் முழுக் கட்டிதான். சீமெந்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அக்காவின் அப்பா எல்லாருடைய வாயையும் அடைத்திருக்கலாம். மனைவியின் வைரவர் முழுதாக இருக்கட்டும் என்று கடைசிவரை பொய்யனாக இருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"உடைக்கட்டோ, அக்கா?"

"கொஞ்சம். நகமளவு."

உளியால் மெல்லத் தட்டினேன். கோடுகள் இருந்தன.

அக்கா லண்டனிலிருக்கும் அண்ணனுக்கு அழைப்பெடுத்தார். "அண்ணை, அப்பா பொய் சொல்லேல்லை." அவ்வளவுதான், வைத்துவிட்டார். பிறகு உடைத்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். "ஹெந்தளைக்குப் போனவுடன ஒரு மேசனைப் பிடிச்சு மூடவேணும்."

2.10. பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பி, சாப்பிடாமலே என் பதிவைத் திறந்தேன். 25 என்று எழுதினேன். எடை கூடிய காரணத்தை எப்படி எழுதுவது என்று நெடுநேரம் குழம்பி, கடைசியில் 'சீமெந்து' என்று மட்டும் போட்டேன்.

அக்காவின் அப்பா இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே சுத்தியலை எடுத்திருப்பேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.