வறுத்த மல்லியும் மூன்று அண்டாப் பியரும்

மல்லி வறுக்கிற வாசம் வந்தால் எனக்கு இப்பவும் பியர்தான் ஞாபகம் வரும்... சிரிக்காதீர்கள்.

நான் ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை. என் மனுசன் வேலை செய்தது லா சப்பலில், பியர் காய்ச்சுகிற ஒரு சின்ன இடத்தில். 2010 அளவில் தொடங்கினார்கள். மூன்று அண்டா, பத்ரோன் என்று பிரெஞ்சில் நாங்கள் சொல்லும் முதலாளி, என் மனுசன். அவ்வளவுதான் கொம்பனி!

வேலையால் வந்தால் உடுப்பெல்லாம் புளித்த மணம். குளிக்காமல் உள்ளே விடமாட்டேன். பியர்ப் போத்தலுக்கு வாசல்படியோடு தடை.

அவர்கள் ஒரு பியருக்கு மல்லி இடித்துப் போடுவார்கள். ஒருநாள் இடிக்கிற மெசின் பழுது. இவர் மல்லியைத் திரான்சிக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "இடிச்சு வையுமப்பா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இடித்து, டப்பாவில் இறுக்கி மூடிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் வேலையிடத்திலிருந்து இவரின் போன்.

"என்னப்பா செய்தனீர்? கொட்டினாப் பிறகுதான் மணக்குது. அண்டா முழுக்கக் கறி வாசம்!"

"வறுத்துத்தானே இடிச்சனான்."

"ஆர் உம்மை வறுக்கச் சொன்னது?"

"வறுக்காமல் ஆரப்பா மல்லி இடிக்கிறது?"

போனை வைத்துவிட்டார்.

அந்த வேலைக் கடதாசியைக் காட்டித்தான் இந்த நாட்டில் இருக்கிறதுக்கான இவருடைய விசாக் கார்த்தை, அந்த அட்டையை, புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் எல்லாம் போச்சு. பத்ரோன் முகம் கறுத்து, "மூன்று கிழமை பழுக்கட்டும், பார்ப்போம்" என்றாராம். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். பியர் நல்லாய் வரவேண்டும் என்று அவரிடம் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வந்தது! குடித்த சனம் திரும்பவும் கேட்டதாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மல்லி எங்கள் வீட்டுக்குத்தான்.

"உம்மடை பியர் முடிஞ்சு போச்சாம், மல்லி வறுத்துத் தாருமப்பா" என்று பகிடி விடுவார்.

"என்ரை பியரோ? வாயைக் கழுவுங்கோ!"

உள்ளுக்குள் சந்தோசம்தான்.

பத்து வருசம் ஓடியது. பிறகு கட்டடச் சொந்தக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்க, பூட்டிவிட்டார்கள். போன வருசம் இவரும் போய்விட்டார்.

எட்டாம் நாள் படையலுக்குப் பத்ரோன் வந்தார். கையில் அந்தப் பியர், கடைசிப் போத்தல். வாசலிலேயே நின்றுகொண்டு ஏதோ கேட்டார். மகள் சொன்னாள், "அம்மா, போத்தல் உள்ளுக்கை வரலாமோ எண்டு கேக்கிறார்."

என் தடையை இவர் அங்கேயும் போய்ச் சொல்லியிருக்கிறார்!

வாங்கி, நானே மூடியைத் திறந்து, இவருக்குப் பிடித்த மீன் பொரியலுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் மல்லி மணத்தது.

அப்போது பை பையாக வறுத்தேன். இப்போது ஒரு கைப்பிடி போதும்... வறுக்கும்போது கதவுப் பக்கம் கண் போகிறது. புளித்த உடுப்போடு வந்து நின்றாலும், "அப்பிடியே உள்ளை வாங்கோ" என்றுதான் சொல்லுவேன்.