மகள் பிடித்திருந்த கை

எழுபதுகளின் நடுவில், சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. யாருக்கு என்ன கஷ்டமென்றாலும் பார்த்துவிட்டுச் சும்மா போகக் கூடாது என்று அவளிடம் அடிக்கடி சொல்வேன்.

ஆடி மாதம், ஒரு சாயங்காலம். வேலை முடிந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தால், பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். இவளை மட்டும் காணோம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். ஓடைப் பக்கம் யானை நிற்கிறது என்று அன்று காலையில்தான் காவல்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டுக்காரரும் நானும் பிள்ளைகள் வரும் குறுக்குப் பாதையில் இறங்கினோம். சத்தம் போட்டுக் கூப்பிடவும் பயம். கொஞ்ச தூரத்தில் கிளை ஒடியும் சத்தம் கேட்டது. அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பனிக்குள் கறுப்பாக ஒன்று அசைந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அது நகர்ந்து போக எவ்வளவு நேரமானதோ, தெரியாது.

அப்புறம் கீழேயிருந்து மெதுவாக ஒரு பெண் குரல்: "யாரு அங்க? இங்க வாங்க."

ஓடினோம். செடிகளுக்கு நடுவே எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, கணுக்கால் வீங்கி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அருகில் சிதறிய விறகு. அவள் கையைப் பிடித்தபடி என் மகள். குழாய்த் தண்ணீருக்காகச் சண்டை போட்டு, அவளோடு நான் பேசி ஆறு மாதமாகியிருந்தது. பிள்ளையிடமும் அவளோடு பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

பயமெல்லாம் கோபமாகி, மகளை அறைந்துவிட்டேன். "வீட்டுக்கு வராம இங்க என்னட்டி செய்யுத?"

"நான் பேசலம்மா," என்று அழுதாள். "அத்தைக்குப் பயமா இருந்துச்சு. கூட மட்டும்தான் இருந்தேன்."

"அடிக்காதீங்கக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "யானைச் சத்தம் கேட்டதுமே ஓடிருன்னு சொன்னேன். தலைய மட்டும் ஆட்டிட்டு உக்காந்துட்டா."

வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரியை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். பாதி மேட்டில், "ரொம்ப வலிக்குதா?" என்று நான்தான் முதலில் அவளிடம் கேட்டேன்.

உதவி செய் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவள், இன்னாருக்கு வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கும்போது, இத்தனை வருஷம் கழித்தும் மனசு கூசுகிறது.