மஞ்சள் விசிறியின் கொட்டலசு

1991-ஆம் ஆண்டின் வசந்தத்தில், பறக்கும் மீன்கள் கரையை நெருங்கும் பருவத்தில், பச்சைத் தீவின் படகுத்துறையில் தியென் ஜின்-சுவானை முதன்முதலாகச் சந்தித்தேன். தைபேயில் நான் பணியாற்றிய ஆய்வுக்கூடத்திற்காக, பவளங்களிலும், விசிறிபோல் கிளைவிரிக்கும் அவற்றின் உறவான கடல் விசிறிகளிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிறு ஓட்டு உயிர்களைக் கொண்டுவந்து தர ஒரு முக்குளிப்பவர் தேவைப்பட்டார். அதற்கு முன் வந்தவர்கள் அனைவரும் அவற்றைக் கத்தியால் சுரண்டி எடுத்து வந்தனர். எதன் மேல் வாழ்ந்தது என்று தெரியாத கொட்டலசை எந்த இனத்தில் சேர்ப்பது என்று சொல்வது கடினம். ஜின்-சுவான் மட்டும், அது ஒட்டியிருந்த கிளை நுனியோடு நறுக்கி, கடல்நீர் நிரம்பிய பையில் உயிரோடு தந்தார்.

"என்ன டீச்சர், இதத் தின்னவும் முடியாது, விக்கவும் முடியாது. இதுக்காகவா கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தீங்க?"

"நான் வாந்தி எடுத்தேன்னு யார் சொன்னா?"

"மூஞ்சியே சொல்லுதே!"

இளமையில் அவர் கடல் விசிறிகளை அடியோடு வெட்டி, காயவைத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றவர். அதைப் பற்றிப் பெருமை பேசியதும் இல்லை, புலம்பியதும் இல்லை. எனக்காக வெட்டியபோது ஓரத்து நுனியை மட்டுமே தொட்டார்.

விசிறியில் வாழும் கொட்டலசின் ஓட்டின் மேல் விசிறியின் சதையே மூடி வளர்ந்துவிடும். வெளியே ஒரு புடைப்பும், கால்களை நீட்டி உணவை வாரிக்கொள்ளும் ஒரு பிளவும் மட்டுமே தெரியும். ஊதா விசிறிகளில் இருந்தவை முன்பே பெயர் பெற்ற இனம்; அவை அகன்ற ஓடு கொண்டிருந்தன. தீவுக்குத் தெற்கே, ஜின்-சுவானுக்கு மட்டுமே இடம் தெரிந்த ஒரு மஞ்சள் விசிறியில் இருந்தவையோ ஒடுங்கி உயர்ந்திருந்தன. எங்கள் கூடத்தின் மூத்தவர் ஒருவர் இவற்றைப் புதிய இனமென்று அறிவித்து, கண்டெடுத்தவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

ஜின்-சுவானின் மனைவி பாவ்-யூ துறைமுகத்தருகே வேர்க்கடலைத் தோஃபு விற்றுவந்தார். அந்த வாரமே கடைக்கு 'ஜின்-சுவான் கொட்டலசு' என்று தம் கையாலேயே பலகை எழுதி மாட்டினார். தோஃபுவில் கொட்டலசு இருக்கிறதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

"தோஃபுல இல்லீங்க. அதோ, நாற்காலில ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு பாருங்க" என்று கணவரைக் காட்டுவார்.

ஆண்டுகள் சென்றன. பெயர் சூட்டிய மூத்தவரும் காலமானார். ஒரு நாள் இரண்டு விசிறிகளின் கொட்டலசுகளையும் அருகருகே வைத்து, வாயை மூடும் சிறு கதவுத் தகடுகளை ஒப்பிட்டேன். அவற்றில் வேறுபாடே இல்லை. தடித்த கிளையில் ஓடு அகன்றும் மெல்லிய கிளையில் ஒடுங்கியும் வளர்ந்திருக்கலாம். மரபணுவை ஒப்பிட்டால் உறுதியாகத் தெரிந்துவிடும். ஆனால் பழைய மாதிரிகள் ஃபார்மலினில் கிடந்து அதற்கு உதவாமல் போய்விட்டன. மஞ்சள் விசிறியிலிருந்து புதியது வேண்டும். இரண்டும் ஒன்றே என்றால் முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பது எங்கள் துறையின் விதி. ஜின்-சுவானின் பெயர் நீங்கிவிடும்.

நான் தீவுக்குச் சென்றபோது, செய்தியறிந்த பாவ்-யூ என்னைக் கடையின் பின்புறம் அழைத்துச் சென்றார்.

"டீச்சர், அவருக்கு எழுபது ஆகப்போகுது. தீவுல அந்தப் பேராலதான் எல்லாரும் கூப்பிடுறாங்க. அவர் இருக்கிற வரைக்கும் இத விட்டுடக் கூடாதா? அது எங்க ஓடிடப் போகுது?"

அப்படி விட்டுவிட என்னால் முடியவில்லை. எதற்கென்று சொல்லாமல் ஜின்-சுவானை நீரில் இறக்கவும் என் மனம் ஒப்பவில்லை. அவர் தோஃபு தின்றுகொண்டிருந்த மேசையருகே அமர்ந்து எல்லாவற்றையும் அவரிடமே கூறினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுன்னா யார் பேரு நிக்கும்?"

"மொதல்ல வெச்சதுதான் அண்ணே. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கப்பல் டாக்டர் வெச்ச பேரு."

அவர் கரண்டியை மீண்டும் எடுத்துக் கிண்ணத்தின் அடியைச் சுரண்டினார்.

"பறக்கும் மீன் வர்ற எடத்துல மொதல்ல போய் நிக்கிற படகுதான் மொதல்ல வலை போடும். பின்னால வந்தவன் எவ்ளோ பெரிய படகா இருந்தாலும் இஞ்சின அணைச்சிட்டு நிக்கணும். எங்கப்பா ஒரு தடவ அத மீறினாரு. அந்த வருஷம் பூரா எங்க படக கரையேத்த ஒருத்தனும் கை குடுக்கல. டாக்டர் முன்னாடியே வந்துட்டாரு, டீச்சர். நான் இஞ்சின அணைச்சிடுறேன்."

"பெரிய நியாயஸ்தரு! பலகைக்குப் பெயிண்ட் அடிச்ச கை என்னுது" என்றார் பாவ்-யூ.

"கடைக்கு நீதானே மொதல்ல பேரு வெச்ச? அது நிக்கும், போ."

மறுநாள் காலை அவர் முக்குளித்தார். அவர் தலை நீருக்கு மேலே தெரியும் வரை நான் படகின் விளிம்பைப் பற்றியபடி நின்றேன். சுண்டுவிரல் அளவு மஞ்சள் நுனியொன்றைப் பையிலிட்டு நீட்டினார்.

"பிடிங்க டீச்சர். என் பேரக் கவுக்கப் போறவன் உள்ள உக்காந்து கால ஆட்டிக்கிட்டிருக்கான்."

இரண்டும் ஒன்றே என்று உறுதியாயிற்று. அந்த முடிவை வெளியிட்ட என் கட்டுரையைப் படித்தவர்கள் எனக்கு நன்றி தெரிவித்தார்கள். அந்த நன்றிக்கு உரியவர் யார் என்பதை நான் ஒருபோதும் மறந்ததில்லை. தம் பெயரை நீக்கப்போகும் சான்றைத் தாமே மூழ்கி எடுத்து, புன்னகையோடு கையில் தந்த இன்னொருவரை நான் கண்டதில்லை. அவரோடு பழகக் கிடைத்தது என் பேறு. கடைப் பலகை இன்றும் அங்கேயே தொங்குகிறது.

அடுத்த குளிர்காலத்தில், வடகிழக்குக் காற்றால் படகுகள் நின்றிருந்த நாள்களில், அவருக்கு நுரையீரலில் நோய் கண்டது. எதிர்க்கரை நகரான தைதுங்கின் மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றேன். பாவ்-யூ மீன் சாறு ஊட்டிக்கொண்டிருந்தார். போதும் என்று கையால் தடுத்துவிட்டு, அவர் என்னை அருகே வரச்சொன்னார். பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுவரை எவருக்கும் சொல்லாத, மஞ்சள் விசிறி இருக்கும் இடத்தை, எந்தப் பாறைக்கு நேரே, எந்த நீரோட்டத்தில் இறங்க வேண்டும் என்று, மூச்சு வாங்க வாங்க விளக்கினார். பிறகு கேட்டார்:

"கடல் அடங்கினதும் யாரையாவது எறக்கிப் பாக்கச் சொல்லுங்க டீச்சர். நான் வெட்டின நுனி திரும்ப வளருதான்னு தெரியணும்."