வேதக்கோயில் சாவி

பழைய கட்டடத்துக்குச் சாவி வைத்திருப்பதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளம் வராது, குறை மட்டும் வீடு தேடி வரும். வாசிகசாலை, மாதர் சங்கம், சனசமூக நிலையம் என்று ஏதோ ஒன்றின் சாவியை அலுமாரி லாச்சிக்குள் வைத்துக்கொண்டு அவதிப்படுகிற சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

என்னிடம் இருப்பது முஸ்லிம் ஊரான மருதமுனைக்கும் தமிழ் ஊரான பெரியநீலாவணைக்கும் நடுவில், கடலோரத்தில் நிற்கிற எங்கள் கிறிஸ்தவ சபையின் பழைய வேதக்கோயிலின் சாவி. வெள்ளைக்காரன் காலத்தில் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சுனாமி முன்கதவால் வந்து பின்கதவால் போனது. கூரை போனது, சுவர் நின்றது. சனத்துக்கு உள்ளே தள்ளி வீடு கொடுத்தார்கள், மெயின் ரோட்டில் புதுக் கோயிலும் எழும்பியது. பழையதற்குள் ஆடு படுத்தது.

சண்டை முடிந்த வருஷம், பழையதை இடித்துக் கல்லை எடுப்போம் என்று சபைக் கூட்டத்தில் கதை வந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. எழும்பி, "சின்னப் புள்ளையள் படிக்கிற இடமா மாத்தினா என்ன?" என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் யோசனை சொன்னால் என்ன நடக்கும்? சாவியை என் கையிலேயே தந்துவிட்டார்கள். இடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் செயலாளர் செல்லத்துரை ஐயா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாற வருஷ நத்தார்ப் பண்டிகை வரைக்கும் பார்ப்பம் புள்ள. புழக்கம் இல்லையெண்டா இடிக்கிறதுதான்."

சீமெந்துத் தானம்

ஓர் உதவி நிறுவனம் கூரைக்கு ஓடு தந்தது. ஒரு நல்ல மனிதர் பத்து மூடை சீமெந்து தந்தார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கடற்பக்கச் சுவர் முழுக்க வழுவழுவென்று பூசுவித்தேன். மாரி மழை ஒரு கிழமை அடித்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், பூசினதெல்லாம் பெரிய பெரிய அப்பளமாகக் கழன்று நிலத்தில் கிடக்கிறது. சுவர் உப்பைக் கக்கிக்கொண்டு, பழையபடி சொரசொரவென்று நிற்கிறது.

மருதமுனையிலிருந்து மேசன் ஹனீபா காக்காவைக் கூட்டிவந்தேன்; அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். மிச்ச மூடைகளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, ஒரு பீப்பாய் நிறையச் சுண்ணாம்பை ஊறப்போட்டார். "சுவருக்குச் சீமெந்தை ஏன் பிடிக்கல்ல காக்கா?" என்று கேட்டேன். அதற்கு அவர்: "தங்கச்சி, இது சுனாமியையே உள்ள வெச்சிருக்காம வெளிய அனுப்பின சுவர். உங்கட சீமெந்தை மட்டும் வெச்சிருக்குமா?"

தண்ணிக்கோடு

சுண்ணாம்பு அடிக்கிற நேரம் ஒரு சிக்கல் வந்தது. உள்சுவரில் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், சுனாமித் தண்ணீர் நின்ற மண்ணிறக் கோடு அப்படியே இருந்தது. பார்க்க வந்த ஒரு கொழும்புக்காரர், அதை அழிக்கக் கூடாது, ஞாபகத்துக்கு விடவேண்டும் என்றார். எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன்.

மீன் விற்கிற பூமணியக்கா தன் கடைசி மகளைச் சேர்க்க அன்றைக்குத்தான் வந்தா. அவவின் மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தத் தண்ணீரோடு போனவர்கள். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தவ, கோட்டைப் பார்த்தா. பிறகு என் கையைப் பிடித்து, மெல்லத்தான் சொன்னா: "அதையும் பூசு மகள். எவ்வளவு உயரம் வந்தது எண்டு எனக்குச் சுவர் சொல்லத் தேவையில்ல."

பூசிவிட்டோம்.

பெயர்ப்பலகை

திறந்தாயிற்று, ஆனால் பிள்ளைகள் ஒன்பது பேர்தான். ஒன்பது பேரைப் புழக்கம் என்று செல்லத்துரை ஐயா ஒத்துக்கொள்வாரா? பலகை ஒன்று போட்டால் சனம் வரும் என்று, 'முன்பள்ளி' என்று எழுதக் கொடுத்தேன். பலகை ஒடுக்கம். எழுதினவர் மேலே 'முன்' என்றும், கீழே கொட்டை எழுத்தில் 'பள்ளி' என்றும் எழுதிவிட்டார். கிறிஸ்தவப் பிள்ளை எனக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், நெய்த சாரங்களைச் சைக்கிளில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போன ஒரு நெசவுக்கார வாப்பா இறங்கினார். தொப்பியைப் போட்டார், செருப்பைக் கழற்றினார், "ஒழு எடுக்கத் தண்ணி எங்க மகள்?" என்று கேட்டார். கிணற்றைக் காட்டினேன். முகம் கை கால் கழுவி வந்து உள்ளே எட்டிப் பார்த்தவர், குட்டிக் கதிரைகளையும் எழுத்து அட்டைகளையும் கண்டு திகைத்துப்போனார். "முன் பள்ளி எண்டு போட்டிருக்கு. அப்ப இப்பத்தப் பள்ளி எங்க?" அவருக்குப் பள்ளி என்றால் பள்ளிவாசல். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். விஷயத்தைச் சொல்லி, பக்கத்து அறையில் சுத்தமான பாயை விரித்துக் கொடுத்தேன். தொழுதுவிட்டு வந்தார்.

"பலகையை நாளைக்கே மாத்திடுறன் வாப்பா" என்றேன். அடுத்த கிழமை தன் பேத்தியையும் அயல்வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரையும் கொண்டுவந்து சேர்த்த அந்த மனிசன், அன்றைக்குச் சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னது இதுதான்: "மாத்தாதீங்க மகள். என்னைப்போல இன்னும் நாலு பேர் ஏமாந்தா உங்களுக்குப் புள்ளையள் கூடும்."

நத்தாருக்கு முந்தின கிழமை

அப்படியே கூடிக் கூடி முப்பத்தொரு பிள்ளைகள். பின்னேரம் தையல் வகுப்பு. மாதத்தில் ஒரு நாள் மருத்துவத்தாதி வந்து, கூரையின் நடுத் தீராந்தியில் தராசைத் தொங்கவிட்டுக் குழந்தைகளை நிறுப்பா. மருதமுனைத் தாய்மாரும் நீலாவணைத் தாய்மாரும் ஒரே நீட்டு வாங்கில் இருந்து, யாருடைய பிள்ளை கூட நிறை என்று போட்டி போடுவார்கள். இதையெல்லாம் காட்டத்தான் நான் காத்திருந்தேன்.

சபையிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். தரையைக் கழுவி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பாட்டுத் தொடங்கினேன். முன்வரிசையில், பழைய பீடம் இருந்த இடத்தில், என் மகள். மூன்று வயது. இரண்டாவது அடி பாடும்போது அவளுடைய காலடியில் ஒரு வாய்க்கால் புறப்பட்டு, நேராகச் செல்லத்துரை ஐயாவின் சப்பாத்தை நோக்கிப் போனது. பாட்டு நின்றது. கோயிலுக்குள், அதுவும் பீடத்தடியில்! ஒரு வருஷ உழைப்பு அந்த வாய்க்காலோடு போகிறது என்று நான் துணியைத் தேடி ஓடினேன்.

ஐயா சப்பாத்தை இழுக்கவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், மனிசன் சிரிக்கிறார். "எனக்கு ஞானஸ்நானம் தந்தது இந்த இடத்திலதான். பாதிரியார் கையில தூக்கினதும் அவர்ட வெள்ளை அங்கியெல்லாம் நனைச்சுப்போட்டனாம். அம்மா சாகுமட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், குறிப்புப் புத்தகத்தோடு நின்றவரைப் பார்த்துச் சொன்னார்: "எழுதும் தம்பி, பழைய கோயில் பழையபடியே புழக்கத்தில இருக்கு எண்டு."

சபைக் குறிப்பில் என் மகளின் பெயர் ஏறவில்லை என்பதால், அந்த வேலையின் பெருமை முழுவதையும் இப்போதைக்கு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.