எந்தக் கொலிஜுக்குப் போட்டால் கிடைக்கும்?

லண்டனில், நோர்பரி ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்டடியில் நிற்கும் யோகராஜாவுக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று ஊரில் கதை. ஊர் என்றால் லண்டன் ரோட்டின் இரண்டு பக்கமும் வீடு வாங்கியும் வாடகைக்கும் இருக்கிற நம்மவர்கள்தான். ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்கள், "அண்ணை, மகனுக்கு எந்தக் கொலிஜுக்குப் போட்டால் கிடைக்கும்?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில கேளுங்கோ" என்கிறார். சொல்லிவிட்டு, டிக்கெட் வேலை செய்யாமல் முழித்துக்கொண்டு நிற்கும் யாருக்காவது கேட்டைத் திறந்துவிடப் போய்விடுகிறார். தன் பிள்ளைக்குக் கிடைக்காதது அடுத்தவன் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறார், வயிற்றெரிச்சல், வேறென்ன, என்று வாய் கூசாமல் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் முன்பு அவர் வீட்டு சோபாவில் இருந்து, மனைவி துசியந்தி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, யோசனை கேட்டுப் போனவர்கள். நன்றி என்பது நம்மவர்களிடம் தேத்தண்ணி ஆறும்வரைதான் இருக்கும்.

அவர் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் வேறு.

யோகராஜா டொக்டராகியிருக்க வேண்டியவர். இதை அவர் சொல்ல மாட்டார். துசியந்திதான் சொல்வாள், அதுவும் சண்டை பிடிக்கும்போது. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதி, மருத்துவத்துக்கு எடுக்கும் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுபோனார். அங்கே மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு, வன்னிப் பக்கம் குறைவு. அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து படித்தவனை, தகப்பன்காரன் சத்தம் போடாமல் வன்னிப் பக்கப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நேரத்தோடு மாற்றிவிட்டார். அவன் யோகராஜாவைவிடக் குறைந்த புள்ளிதான் எடுத்தான். இன்றைக்கு மெல்பேர்னில் டொக்டர். இவர் கொழும்பு, ஏஜென்சிக்காரன், பனிக்குளிர், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை என்று அலைந்து, கடைசியில் ரயில்வே சீருடைக்குள் வந்து சேர்ந்தார். கெட்டித்தனம் பாதி, எந்த வாசலால் உள்ளே போகிறாய் என்பது மீதி என்று அவர் நம்பத் தொடங்கியது அப்போதுதான். அந்த வாசல் எது என்று தெரிந்தவன் மற்றவனுக்கும் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

லண்டனிலும் வாசல் விவகாரம் இருப்பதைக் கண்டுபிடித்தபோது மனிதர் ஏறக்குறைய சந்தோஷப்பட்டார். ஒக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரு வருடத்தில் விண்ணப்பம் போடலாம். மற்றப் படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் இருக்க, இந்த இரண்டுக்கும், எந்தப் பல்கலைக்கழகம் என்றாலும் மருத்துவத்துக்கும், ஒக்டோபர் நடுவோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள்ளும் இன்னொரு தெரிவு: அந்தப் பல்கலைக்கழகங்கள் பல கொலிஜுகளாகப் பிரிந்து கிடக்கின்றன, பிள்ளை அதில் ஒன்றைக் குறிக்க வேண்டும். சிலவற்றுக்குக் கூட்டம் அள்ளும். சிலவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை வருடா வருடம் இணையத்தில் போடுகிறார்கள். ஓய்வு நாட்களில் யோகராஜா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும். வீட்டில் குழாய் ஒழுகும்.

அவர் சொன்ன இடத்துக்குப் போட்டு இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது. கிடைக்காத பிள்ளைகளின் தாய் தகப்பன் வெளியே சொல்லவில்லை, நம்மவர்கள் தோல்வியைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். ஆகவே யோகராஜா சொன்னால் கிடைக்கும் என்ற பெயர் சற்றுத் தள்ளி இருக்கும் டூட்டிங் வரை போய்விட்டது.

பிறகு அவருடைய ஒரே மகள் கம்சிகாவின் முறை வந்தது. கேம்பிரிட்ஜில் மருத்துவம் என்பது அவளுடைய ஆசை; அவர் திணித்ததில்லை, இதை நான் அவர் பக்கம் நின்று சொல்ல வேண்டும். எந்தக் கொலிஜ் என்பதை மட்டும் அவர் முடிவு செய்தார். கோடைவிடுமுறை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு. ஆற்றங்கரையில், சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற பழைய கொலிஜ் அவளுக்குப் பிடித்திருந்தது. "அந்தப் பக்கமே போகாதை பிள்ளை. அங்கை பத்துப் பேருக்கு மேல அடிபடுவினம், ஒராளுக்குத்தான் இடம். ஊருக்கு வெளியில ஒண்டு இருக்கு, சைக்கிள்ள போகவேணும். அதிலை நாலைஞ்சு பேருக்கு ஒராள்" என்றார். கம்சிகா தோளைக் குலுக்கி, சைக்கிளுக்குச் சம்மதித்தாள்.

செப்டெம்பர் கடைசியில் சுசிலா வந்தாள். டூட்டிங்கில் மளிகைக் கடை ஒன்றில் காசு வாங்கும் இடத்தில் நிற்பவள். புருஷன் இறந்து ஐந்தாறு வருடம். மகன் யனுஷன் கம்சிகாவின் வகுப்பு. அதே பள்ளிக்கூடம், அதே கெமிஸ்ட்ரி மேசை, அதே ஆசை. கடையில் மிஞ்சிய மாம்பழப் பெட்டியோடு வந்து, சோபாவின் நுனியில் இருந்துகொண்டு கேட்டாள்.

"அண்ணை, பொடியன் கேம்பிரிட்ஜ்தான் எண்டு நிக்கிறான். எனக்கு இதுகள் ஒண்டும் விளங்காது. நீங்கள் சொல்லுறதைத்தான் போடுவம்."

யோகராஜா மடிக்கணினியைத் திறந்தார். இங்கேதான் மனிதர் தடுமாறினார்: சரியான யோசனை என்றால் கம்சிகா போடுகிற கொலிஜைத்தான் சொல்ல வேண்டும். யனுஷன் கெட்டிக்காரன். கம்சிகாவும் கெட்டிக்காரிதான், ஆனால் யனுஷன் ஒரு முழம் மேலே என்பது வகுப்புக்கே தெரிந்த விஷயம், பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் வாயாலேயே கேட்டதும்கூட. ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேரை ஒரு கொலிஜ் எடுக்காது என்று பெற்றோருக்குள் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது உண்மையா பொய்யா என்று எந்த அட்டவணையிலும் இல்லை. எண்ணால் காட்டாத எதையும் நம்பாத யோகராஜா அதை மட்டும் நம்பினார்.

"ஆத்தங்கரையில இருக்கிற பழைய கொலிஜுக்குப் போடச் சொல்லு, தங்கச்சி" என்றார். "அங்கைதான் இடம் கூட. மற்றக் கொலிஜுகளைவிடக் கனபேரை எடுக்கிறாங்கள்."

அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. அங்கே இடம் கூடத்தான். அந்த இடங்களுக்கு எத்தனை பேர் அடிபடுகிறார்கள் என்ற பக்கத்து வரியை அவர் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். சுசிலா இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனாள். மாம்பழம் தேனாக இனித்தது என்று துசியந்தி சொன்னாள். யோகராஜா தனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த இரண்டு கிழமையும் மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. சுசிலாவின் இலக்கம் கைபேசியில் இருந்தது. யனுஷனே தினமும் பின்னேரம் கேட்டடியால் போனான். "அங்கிள்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். நாளைக்குச் சொல்வம், நாளைக்குச் சொல்வம் என்று யோகராஜா தள்ளிக்கொண்டே வந்தார். ஒக்டோபர் நடு வந்து கதவைச் சாத்தியது. அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, இனி யோசித்துப் பயனில்லை என்ற கேவலமான நிம்மதி.

டிசெம்பரில் இருவருக்கும் இன்டர்வியூ நடந்தது, கணினித் திரையில். அதற்கு முதல் நாட்களில் யனுஷனும் கம்சிகாவும் ஃபோனில் ஒருவரை ஒருவர் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பழகினார்கள். மேல்மாடியிலிருந்து மகள் சிரிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் யோகராஜா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்.

ஜனவரிக் கடைசியில் முடிவு வந்தது. கம்சிகா மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, "கிடைக்கேல்லை அப்பா" என்றாள், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை என்பதுபோல. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கால் மணி நேரத்தில் சுசிலா ஃபோனில் வந்தாள். அவள் அழுத அழுகையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. யனுஷனுக்குக் கிடைத்துவிட்டது. ஆற்றங்கரைக் கொலிஜ்.

"நல்லது தங்கச்சி, நல்லது" என்றார் யோகராஜா. திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

கம்சிகா போட்டிருந்த மற்றப் பல்கலைக்கழகங்களில் ஒன்று, தூர அபர்டீனில் இருப்பது, பிறகு அவளை எடுக்கச் சரி என்றது. டொக்டர் படிப்பு எங்கே படித்தாலும் டொக்டர் படிப்புத்தானே, இதில் அழ என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். யோகராஜாவும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். கம்சிகாவும் கலங்கவில்லை. அன்றிரவே யனுஷனுக்கு வாழ்த்துச் சொன்னாள், மனதாரத்தான் சொன்னாள். நல்ல பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் மனம் கேட்காமல் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் பொங்கல் விழா. லண்டனில் பொங்கல் தை முழுக்க நடக்கும், மண்டபம் கிடைக்கிற நாள்தான் பொங்கல். துசியந்தி போவோம் என்றாள். போகாவிட்டால் பிள்ளைக்குக் கிடைக்காததால் வரவில்லை என்று சொல்வார்கள். கம்சிகா சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சின்னப் பிள்ளைகளின் நடனம் முடிந்ததும், கேம்பிரிட்ஜ் கிடைத்த பிள்ளை என்று யனுஷனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சுசிலாவும் ஏறினாள். பேசிப் பழக்கமில்லாதவள், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ரை பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தகப்பன் இடத்தில நிண்டு வழி காட்டினது யோகராஜா அண்ணைதான். அந்தக் கொலிஜுக்குப் போடச் சொல்லி இடத்தைக் காட்டினதே அவர். தன்ரை பிள்ளைக்குக் கிடைக்காட்டிலும் என்ரை பிள்ளைக்குக் கிடைக்கச் செய்தவர்."

மண்டபம் கைதட்டியது. யாரோ அவரைத் தோளில் பிடித்து எழுப்பி மேடைப் பக்கம் தள்ளினார்கள். சுசிலா பொன்னாடை வாங்கி வைத்திருந்தாள், சிவப்பில் சரிகை போட்டது. அவளுக்கு எட்டவில்லை, அவர்தான் குனிந்தார். மேடையிலிருந்து பார்த்தபோது மூன்றாவது வரிசையில் எல்லோரும் கைதட்ட, கம்சிகாவின் கை மட்டும் மடியில் கிடந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. புரியாத கணக்கு ஒன்றைப் பார்ப்பதுபோல.

திரும்பி வரும்போது மழை. யோகராஜா கார் ஓட்டினார், பக்கத்தில் துசியந்தி, பின்னால் கம்சிகா. கோபம் வந்தால் இங்கிலீஷில் பொரிகிறவள் அன்றைக்கு நிறுத்தி நிதானமாகத் தமிழில் கேட்டாள், தாய்க்கும் விளங்கட்டும் என்பதுபோல.

"அப்பா, யனுஷனுக்கு அந்தக் கொலிஜைச் சொன்னது நீங்களோ?"

"ஓம்."

"எனக்கு அந்தப் பக்கமே போகாதை எண்டனீங்கள்."

"அங்கை இடம் கூட, பிள்ளை. அது பொய்யில்லை."

"அங்கை அடிபடுற கூட்டத்தையும் சொன்னனீங்களோ?"

யோகராஜா வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். துசியந்தி மெல்லத் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா இது? அந்தத் தாய் உங்களைக் கும்பிட்டவள் எல்லோ?" என்றாள்.

"பிள்ளைக்காகத்தான்" என்றார் அவர். "ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போட்டா..."

நிறுத்திவிட்டார். லண்டன் ரோட்டில் சிவப்பு விளக்கு. பொய் சொன்னீர்கள், ஏமாற்றினீர்கள் என்று மகள் கேட்பாள், அதற்கு மன்னிப்புக் கேட்கலாம், சுசிலா வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லலாம் என்றெல்லாம் மேடையிலிருந்து இறங்கும்போதே மனதில் ஒழுங்கு பண்ணி வைத்திருந்தார். கம்சிகா அதைக் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போட்டா அவனுக்குத்தான் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது. அப்பிடித்தானே நினைச்சனீங்கள்?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்ற ஒரு சொல் போதும். ஆனால் அது கேட்ட உடனே வர வேண்டும். யோகராஜாவின் வாய் திறந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் சொன்னதும், இரண்டு பிள்ளைகளின் புள்ளிகளும், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மனதில் வந்து நின்றன. விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அவர் காரை எடுத்தார்.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பிய பிறகுதான், "அப்பிடி இல்லைப் பிள்ளை" என்றார்.

"பரவாயில்லை அப்பா" என்றாள் கம்சிகா. "நீங்கள் கணக்குப் பாக்காமல் ஒண்டும் செய்ய மாட்டியள்."