எலிகளுக்குப் பெரட்டு வைத்த ராசு அண்ணன்

"அவரு காலையில போயிட்டாருங்க மிஸ். டீ கேட்டாரு, ஊத்திக்கிட்டு வர்றதுக்குள்ள..." என்று வட்டகொடையிலிருந்து ராசு அண்ணனின் மனைவி செல்லம்மா அக்கா போனில் சொன்னபோது, நான் வகுப்பில் எலியின் ஈரலைப் பாதி வரைந்திருந்தேன். மீதியை வரையவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

கொட்டகலைக்கு மேலே இருந்த எங்கள் சின்ன ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எலிக்கூடம் அவர் பொறுப்பு. வந்த முதல் நாளே கூண்டுகளைத் தோட்டத்து லயன் வீடுகள் போல இரண்டு வரிசையாக அடுக்கி, காலை ஆறு மணிக்குப் பெரட்டு வைத்தார். தோட்டத்தில் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணுவதுபோல ஒவ்வொரு எலியையும் எண்ணுவார். தின்று கொழுத்த ஓர் ஆண் எலிக்குத் 'தொரை' என்று பெயர் வைத்திருந்தார். "இவரு மட்டும் பெரட்டுக்கு எந்திரிக்க மாட்டாரு" என்பார்.

என் பட்ட ஆய்வை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் விளக்கியதுபோல நான்கூட விளக்கியதில்லை. "ஸ்டீரொயிட்ட ஒடைக்கிற நொதியம் ஆம்பள எலி ஈரல்ல அதிகங்க. அதுக்கு உத்தரவு ஓமோன்லருந்து வருது. விதைய எடுத்துட்டா நொதியம் கொறைஞ்சிரும். ஓமோன் ஊசி போட்டா திரும்ப ஏறிரும்." பக்கத்தில் இருந்த இரண்டு பெரியவர்கள் பாயசம் வருமுன்பே இலையை மூடிவிட்டார்கள். செல்லம்மா அக்கா மட்டும் அசரவில்லை. "அங்க ஊசி போட்டா வேலை செய்யுது. எங்க வூட்டு ஆம்பள எந்த ஊசிக்கும் அசைய மாட்டேங்குது" என்றார்.

அதே நொதியங்கள்தான் மயக்க மருந்தையும் சிதைக்கும். அதனால் மருந்து கொடுத்தால் ஆண் எலி சீக்கிரம் விழிக்கும். பெண் எலியும் விதை நீக்கிய எலியும் நெடுநேரம் தூங்கும். எது எப்போது விழித்தது என்று மணி பார்த்துச் சொல்வது ராசு அண்ணன் வேலை. மூன்றாவது வருடம், அடைமழை நேரத்தில், கணக்குக் குழம்பியது. "எல்லாம் ஒண்ணா எந்திரிச்சிருதுங்க மிஸ், பெரட்டுக்குச் சங்கு ஊதுன மாதிரி" என்றார். ஓமோன் போத்தலைச் சந்தேகித்தேன், தராசைச் சந்தேகித்தேன், கடைசியில் என்னையே சந்தேகித்தேன்.

எங்கள் பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். நேர்மையானவர், முன்கோபி. என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதெல்லாம் அளந்ததோ, இருந்த இடத்திலை எழுதினதோ?" என்றார். அவர் அதை மேலிடத்துக்கு எழுதினால் பட்டம் மட்டுமல்ல, பெயரும் போய்விடும்.

தீவன வாளியோடு வாசலில் நின்றிருந்த ராசு அண்ணன் உள்ளே வந்தார். அவரை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதம் அதே பேராசிரியரின் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. அது அவருக்கும் தெரியும்.

"அளந்ததுதாங்க ஐயா. நான்தான் மணி பாத்தேன். மாத்துனது படுக்கை மட்டுந்தான். உமி ஈரமாகி எலியெல்லாம் நடுங்குச்சு. தச்சுப் பட்டறையிலருந்து சைப்ரஸ் மரச் சீவல் கொண்டாந்து போட்டேன். நல்ல வாசம்."

"ஆரைக் கேட்டு மாத்தினனீ?"

"எலிகிட்டகூடக் கேக்கலைங்க."

பேராசிரியர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த மரத்தின் வாசனை எண்ணெய் ஒன்றே போதும், ஆண், பெண், விதை நீக்கியது என்ற பேதமில்லாமல் எல்லா ஈரல்களிலும் நொதியத்தை ஏற்றிவிட. உமிக்குத் திரும்பினோம். மூன்று மாதத்தில் ஆண் எலிகள் ஆண்களாகவும் பெண் எலிகள் பெண்களாகவும் தூங்கின. எனக்குப் பட்டம் கிடைத்தது. அனுமதியில்லாமல் படுக்கையை மாற்றியதற்காக அவருடைய நிரந்தர நியமனம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

"ஒரு கிழமை பொறுத்துச் சொல்லியிருந்தா கடிதம் கைக்கு வந்திருக்குமே அண்ணே" என்று பிறகு கேட்டேன்.

"அவரு ஒங்களப் பொய்க்காரின்னு சொன்னாரு. நான் அங்கதானங்க நின்னேன்" என்றார். அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களில், யார் மீதோ வீண்பழி விழும்போது நானும் அங்கே இருந்திருக்கிறேன். எல்லாத் தடவையும் வாய் திறந்தேன் என்று சொன்னால், அதுதான் பொய். திறந்த தடவைகள் ராசு அண்ணனுடையவை.