ஏழாம் எண் ரத்தம்

அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: தங்க ரத்தம். வைத்தவள் ஆய்வுக்கூடத்துத் தலைவி. அவள் மாணவியாக வந்த புதிதில், சோதனை சொதப்பிவிட்டதென்று படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பினாள். "அழாதம்மா, குடுவைய நான் கழுவித் தரேன், நீ மறுபடி பண்ணு" என்று காபி வாங்கிக் கொடுத்துத் தேற்றியவர் இவர்தான். அன்றிலிருந்து அவள் இவருக்குத் தங்கச்சி. கூடப்பிறந்தவள்கூட அப்படி வாய்நிறைய அண்ணே என்று கூப்பிட்டிருக்க மாட்டாள்.

அங்கே நடக்கும் வேலை இதுதான். மருந்தைக் கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் அடைப்பார்கள். உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைக் கிருமி என்று நினைத்து அடித்துத் துரத்தாமலிருக்க, மேலே வழவழவென்று ஒரு பூச்சு பூசுவார்கள். பூச்சு தாங்குகிறதா என்று பார்க்க மனித ரத்தம் வேண்டும். மாதம் ஒருமுறை பத்துப் பேர் கை நீட்டுவார்கள். குழாயில் பெயர் இருக்காது, எண்தான். இவர் ஏழு. ஆறு வருடம், ஒரு மாதம் தவறவில்லை.

"உங்க ரத்தம் இல்லேன்னா என் ஆராய்ச்சியே இல்லண்ணே. தங்கம்!" என்பாள் தலைவி. மனுஷனுக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அளப்பார். "தங்கம்னா அடகு வைக்கலாமா?" என்பாள் அவள்.

பிறகு அவருக்கே புற்றுநோய் வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் அதே பூச்சு பூசிய மருந்துதான். "நாங்க பண்ற மருந்து!" என்று செவிலியரிடம் பெருமையடித்துக்கொண்டார். ஒவ்வாமை உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் கிடையாது என்று எழுதினார். ஆனாலும் மனசு கேட்காமல் தலைவிக்குப் போன் போட்டார்.

"இது எனக்கு ஒத்துக்குமாம்மா?"

அவள் மருந்தின் பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. தைரியமா போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டார். செவிலியர் மெதுவாகத்தான் சொட்டவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முகம் செக்கச்செவேலென்று ஆகி, முதுகு வலியில் வெடித்து, மூச்சு முட்டியது. குழாயைப் பிடுங்கி, ஊசிமேல் ஊசி போட்டு ஆளைப் பிழைக்கவைத்தார்கள். இனி பூச்சில்லாத பழைய மருந்துதான், அது இதயத்தைப் பதம் பார்க்கும் என்றார் மருத்துவர்.

மறுநாள் பார்க்க வந்தாள், ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற பெண். வெகுளி. ஆறுதல் சொல்வதாக நினைத்து வாயை விட்டாள்.

"உங்களுக்குப் போய் இதப் போட்டாங்களே அண்ணே! எந்தப் பூச்சு வந்தாலும் உங்க ரத்தத்துலதானே முதல்ல விட்டுப் பாப்போம். உங்களுது மாதிரி எதிர்க்கிற ரத்தம் வேற யாருக்கும் இல்ல. ஏழுகிட்ட தப்பிச்சா எல்லாருக்கும் ஒத்துக்கும்னு மேடம் சொல்வாங்களே... உங்ககிட்ட சொல்லலையா?"

அடிப்பாவி! ஆறு வருடம் தங்கம் தங்கம் என்று கொஞ்சினது இதற்குத்தானா? சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் தலைவியே வந்தாள். இவர் சுற்றிவளைக்கவில்லை.

"உனக்குத் தெரியும்தானேம்மா?"

"குழாய்ல நடக்கறது உடம்புல அப்படியே நடக்கணும்னு இல்லண்ணே. ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சேன்."

"நான் அதக் கேக்கல. போன் பண்ணிக் கேட்டேனே, அப்பவாவது ஏன் சொல்லல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா, இத்தன நாள் ஏன் மறைச்சேன்னு கேப்பீங்க. அப்புறம் கையே நீட்ட மாட்டீங்கன்னு பயந்துட்டேன். இந்த மாதிரி ரத்தம் எனக்கு வேற எங்கயும் கெடைக்காது."

திட்டவேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்ததென்னவோ அழுகைதான்.

"அட போம்மா. 'உங்க ரத்தம் எங்க மருந்தயே அடிக்குதுண்ணே, உங்கள மாதிரி ஆளுங்களுக்கும் ஒத்துக்கற பூச்சு கண்டுபிடிக்கணும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மாசத்துக்கு ஒருதரம் இல்ல, வாரத்துக்கு ஒருதரம் வந்து குடுத்திருப்பேனே."

"அண்ணே..." என்று அவள் கையைத் தொட வந்தாள்.

அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "நேரமாச்சு. நீங்க கிளம்புங்க, மேடம்" என்றார்.